செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும், வந்திருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

மாலை நேர டியூஷன், சுதந்திர தின விளையாட்டுப் போட்டி, மழைக்கால மருத்துவ முகாம் எல்லாம் வழக்கம்போல நடந்தன. தண்டையார்பேட்டை படிப்பகத்தில் இந்த ஆண்டு புதிதாகத் தொடங்கிய செய்தி வகுப்பைப் பற்றித்தான் விவரமாகச் சொல்ல வேண்டும்.

பள்ளிக் காலைக் கூட்டத்தில் நாளிதழ் தலைப்புகளை எழுதிவந்து வாசிக்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே உண்டு. தாங்களே விசாரித்து, எழுதி, பதிவுசெய்து ஒரு செய்தித் தொகுப்பு தயாரிக்கப் பழக்குவதே இந்த வகுப்பு. ஒன்பதாம் வகுப்பினரை மட்டும் சேர்த்தோம். பொதுத்தேர்வு எழுதுகிறவர்களைக் கூப்பிட்டால் வீட்டில் நமக்குத்தான் அர்ச்சனை விழும்.

கருவி என்று பெரிதாக எதுவும் இல்லை. பெற்றோரின் செல்போனும் காலர் மைக்கும்தான். படம் கொஞ்சம் ஆடினாலும் ஜனங்கள் பார்ப்பார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் உடனே மாற்றிவிடுவார்கள். அதனால் ஆரம்பத்தில் கேமரா பக்கமே போகவிடாமல், ஒலிப்பதிவு மட்டுமே பழக்கினோம். பையன்களுக்கு இதில் ஏகப்பட்ட வருத்தம்.

முதல் செய்தி காசிமேட்டில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 'மீனவர்கள் கடலுக்குப் போகவில்லை, துறைமுகம் வெறிச்சோடியது' என்று பிள்ளைகள் போகும் முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். போய்ப் பார்த்தால் கரையில் ஒரே சத்தம். தடை விசைப்படகுகளுக்குத்தான், சின்ன ஃபைபர் படகுகள் போய்வந்துகொண்டிருந்தன. நிறுத்திய படகுகளில் மரவேலை, பெயிண்ட் வேலை, இன்ஜின் பழுது, வலை பின்னுதல். வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் ஐஸ் உடைப்பவர்களும், கூடை சுமப்பவர்களும், ஏலத்தில் எடுத்துத் தெருவில் விற்கும் அம்மாக்களும். அரசின் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் என்று எழுதியிருந்த மாணவியிடம் ஒரு மீன்கார அம்மா, "அது யாருக்கு வருது, யாருக்கு வரலன்னு கேட்டியாம்மா?" என்றார். பழைய ஸ்கிரிப்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் எழுதினார்கள். வகுப்பில் நாம் நடத்திய எந்தப் பாடமும் இந்த ஒரு கேள்விக்கு ஈடில்லை என்பது என் கருத்து.

அந்தப் பேட்டியை நல்ல தமிழில் மாற்றிப் பேசவைக்க வேண்டும் என்று குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் வாதாடினார். செய்தி வாசிப்பவர் ல, ள, ழ பிசகாமல் பொதுத்தமிழில் வாசிக்கட்டும், பேட்டி கொடுப்பவர் காசிமேட்டுத் தமிழிலேயே பேசட்டும் என்று முடிவாயிற்று. அவர் இன்னும் சமாதானம் ஆகவில்லை. சரி, போகட்டும்.

பெற்றோர் கவனத்துக்கு இன்னொன்று. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட சிறார்களின் பெயர், முகம், பள்ளி, முகவரி எதையும் வெளியிடக் கூடாது என்று போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. இதைத் தனி வகுப்பாகவே நடத்தினோம். தெருவில் நடந்ததையெல்லாம் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் போடும் பெரியவர்களும் வந்து உட்கார்ந்திருக்கலாம்.

சென்னை மாகாண ரேடியோ கிளப் 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. நூறாண்டு நிறைவையொட்டி அதைப் பற்றியும் ஒரு தொகுப்பு செய்தோம். பணமில்லாமல் 1927இல் கிளப் மூடப்பட்டது, 1930இல் மாநகராட்சி ஒலிபரப்பை ஏற்றது, 1938இல் சென்னைக்கு அகில இந்திய வானொலி வந்தது. பணமில்லாமல் என்ற இடத்தில் நம் பொருளாளர் மட்டும் பலமாகத் தலையாட்டினார்.

சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப விதிகளில் இடமில்லை. ஆகவே பிள்ளைகளின் தொகுப்புகள் இப்போதைக்குப் படிப்பக ஒலிபெருக்கியிலும் பள்ளிக் காலைக் கூட்டத்திலும்தான் கேட்கும்.

அடுத்த ஆண்டுக்கு ஒரு நல்ல மைக்கும், எடிட்டிங் செய்ய ஒரு பழைய கம்ப்யூட்டரும் வேண்டும். படிப்பகத்தின் தகரக் கூரையில் மழை விழுந்தால் பதிவு நின்றுவிடுகிறது, உறுப்பினர் யாராவது வீட்டில் ஓர் அறை கொடுத்தால் உதவியாக இருக்கும். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.