சமவாயம் வேறு, சேர்க்கை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆயுர்வேதம் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆயுர்வேத மூலநூலான சரக சம்ஹிதையில் சரகர் சொல்லும் ஆறு பதார்த்தங்களை, அதாவது உலகை அறிய உதவும் அடிப்படை வகைகளை, எளிய தமிழில் தர முனைந்தது நல்ல காரியம். ஆனால் ஆறாவதான சமவாயத்துக்கு 'மருந்துப் பொருட்களின் சேர்க்கை' என்று பொருள் போட்டிருப்பது பிழை. சேர்க்கைக்குச் சாத்திரத்தில் சம்யோகம் என்று பெயர்; அது குணங்களில் ஒன்று. சமவாயம், அதாவது பிரிக்க முடியாத உறவு, தனிப் பதார்த்தம். இந்தக் குழப்பம் ஏட்டோடு நிற்காது, மருந்து காய்ச்சும் அடுப்பு வரை வரும்.

மரக்காணம் உப்பளத்தைப் பார்த்தாலே வேறுபாடு விளங்கும். கடல்நீரில் உப்பு இருப்பது சம்யோகம். வெயில் நீரைக் குடித்துவிட்டால் உப்பு பாத்தியில் தங்கிவிடுகிறது. உப்பில் கரிப்பு இருப்பதோ சமவாயம். எந்த வெயிலிலும் உப்பை ஒருபுறமும் கரிப்பை ஒருபுறமும் குவித்து வைக்க முடியாது. சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் என்ற பகுதியின் முதல் அத்தியாயத்தில் 'அப்ருதக்பாவம்', அதாவது தனித்து நில்லாமை என்று சரகர் சொல்வது இதைத்தான். மண் முதலான பொருட்கள் தம் குணங்களோடு பிரியாமல் நிற்கும் நிலை அது.

பிரியாமை என்றதும் இருபுறமும் ஒரே மாதிரி என்று நினைத்துவிடக் கூடாது. குறிஞ்சிப்பாடி லுங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். தறியில் ஏறுவதற்கு முன்பே நூல் இருந்தது. நூல் இல்லாமல் லுங்கி ஒரு நொடிகூட இல்லை. இரண்டில் ஒன்று, தான் அழியும்வரை மற்றொன்றைச் சார்ந்தே இருக்கும் என்பதுதான் தர்க்க நூல்கள் தரும் இலக்கணம். உறுப்பும் முழுமையும், குணமும் குணியும் (குணமுடைய பொருள்), செயலும் செயலுடையதும், சாதியும் (பொதுத்தன்மை) தனிப்பொருளும், விசேடமும் (ஒன்றை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டும் தனித்தன்மை) நித்தியப் பொருளும் என ஐந்து இணைகளை அவை எண்ணுகின்றன. (இப்படியொரு தனி உறவை ஒப்பினால் அதை ஒட்டவைக்க இன்னோர் உறவு வேண்டும், அதற்கு மேலும் ஒன்று என முடிவில்லாமல் போகும் என்று சங்கரர் மறுத்தார். அது பெரிய வழக்கு, இங்கே வேண்டாம்.)

குணம் பிரியாது என்றால், இடித்து வைத்த சூரணம் 2 மாதத்துக்கு மேல் வீரியம் குறையும் என்று ஆயுர்வேத நூலாசிரியர் சார்ங்கதரர் ஏன் சொன்னார்? நியாயமான கேள்வி. பூசை அறைக் கற்பூரம் விடை சொல்லும். மணம் வீடெங்கும் பரவும்போது கட்டியும் கரைகிறது. மணம் தனியே கிளம்பவில்லை, மணமுள்ள நுண்துகளே கிளம்பிப் போகிறது. சூரணத்திலும் இழப்பு முதலில் பொருளுக்கு, அதனால்தான் குணத்துக்கு. எனவே காற்றுப் புகாத மூடி முக்கியம். வெந்நீரும் அப்படியே: சூடு நெருப்பின் குணம், நீரோடு நெருப்புக்கு உள்ளது சம்யோகம் மட்டுமே என்பது இந்தப் பதார்த்தங்களை ஆராய்ந்த தத்துவப் பிரிவினரான வைசேடிகர் கொள்கை. இறக்கி வைத்தால் ஆறிவிடுகிறது அல்லவா?

தைலம் காய்ச்சுவோருக்கு இது அன்றாடப் பாடம். பொது அளவு கல்கம் (அரைத்த மருந்து விழுது) 1 பங்கு, எண்ணெய் 4 பங்கு, திரவம் 16 பங்கு. 250 கிராம் கல்கத்துக்கு ஒரு லிட்டர் நல்லெண்ணெய், 4 லிட்டர் கஷாயம். தசமூலக் கஷாயமானால் அந்தப் பத்து வேர்களில் எங்கள் ஊர்த் தலமரமான பாதிரியும் ஒன்று. மருந்தின் குணம் எண்ணெய்க்குத் தாவிக் குதிக்காது. குணத்தைத் தாங்கிய பொருள் எண்ணெயில் இறங்கினால்தான் குணமும் வரும். அதனால் தீ சிறிதாக இருக்க வேண்டும், அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டுத் தீயை ஏற்றினால் கல்கம் கருகும். தாங்கும் பொருளே கருகிய பின் குணம் எங்கே நிற்கும்?

கஷாய நீர் எண்ணெயோடு சம்யோகத்தில் மட்டுமே உள்ளது, ஆகவே அது முழுதும் வெளியேற வேண்டும். கல்கத்தைக் கொஞ்சம் எடுத்து விரலிடையே உருட்டினால் திரியாகத் திரள வேண்டும். அதை நெருப்பில் போட்டால் சடசடக்கக் கூடாது; சடசடத்தால் நீர் பாக்கி, அந்தத் தைலம் சீக்கிரமே கெடும். பதம் வரும்போது எண்ணெயில் நுரை எழும்பும், நெய்யில் நுரை அடங்கும். நெய்க்கு இன்னொரு பெருமையும் உண்டு: தன் குணத்தை விடாமலே, சேரும் மருந்தின் குணத்தையும் ஏற்கும் என்று சரகர் அதை மற்ற நெய்ப்புப் பொருட்களுக்கெல்லாம் மேலே வைக்கிறார்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? மணிமேகலையில் வைசேடிகவாதி ஆறாவது பொருளைக் 'கூட்டம்' என்கிறான். அன்றைக்குப் பொருந்திய சொல். இன்று கூட்டம் என்றால் ஆள் திரள்வதுதான் நினைவுக்கு வரும். எனக்கு உகந்த சொல் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தில் இருக்கிறது. வடமொழி இரண்டாம் சூத்திரத்தில் 'ஆக்ஞயா சமவேதயா' (சமவாயமாய்ப் பிணைந்த ஆணையால்) என்றுள்ள இடத்தில் தமிழில் 'ஆணையின் நீக்கம் இன்றி' என்று நிற்கிறது. தமிழ் நூலைத் தந்த மெய்கண்டார் நம் மாவட்டத்துப் பெண்ணாகடத்தில் பிறந்தவர். 'நீக்கமின்மை' என்று எழுதினால் பொருளும் தவறாது, வாசகருக்கும் புரியும்.

தொடரின் அடுத்த பகுதியில் 'சேர்க்கை' என்பதைத் திருத்தி ஒரு குறிப்பு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.