அவுட்போர்டு என்ஜின் அலறினால் வயரைப் பிடுங்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வார இறுதிகளில் சிங்கப்பூரின் சாங்கியிலிருந்தும் பொங்கோலிலிருந்தும் படகெடுத்து மீன்பிடிக்கப் போகும் நம்மவர்கள் பலர். உரிமம் வைத்திருக்கிறார்கள், உயிர்காப்பு மேலங்கி அணிகிறார்கள். ஆனால் நடுக்கடலில், படகின் பின்புறம் வெளியே மாட்டியிருக்கும் அவுட்போர்டு என்ஜினின் எச்சரிக்கை அலாரம் கத்தினால் கை கால் ஓடுவதில்லை. சிலர் சத்தம் தொல்லையாக இருக்கிறதென்று பஸ்ஸர் வயரையே பிடுங்கிவிடுகிறார்கள். பல ஆயிரம் வெள்ளி பெறும் என்ஜினைச் சில நிமிடங்களில் பாழாக்க இது போதும்.

அலாரம் கத்தும்போது பல என்ஜின்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். யமஹாவின் பல மாடல்களில் நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்றுக்கு மேல் ஏறாது. என்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. லீவரை இன்னும் தள்ளிப் பயனில்லை. லீவரைப் பின்னுக்கு இழுத்து நியூட்ரலுக்கு வந்து, மீட்டரில் எரிவது எண்ணெய் விளக்கா, வெப்ப விளக்கா என்று பாருங்கள். அடுத்துச் செய்ய வேண்டியது அதைப் பொறுத்தது.

ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் எண்ணெய் விளக்கு எரிந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். எண்ணெய் அழுத்தம் இல்லாமல் ஓடினால் பேரிங்குகள் உலோகத்தோடு உலோகம் உரசித் தேயும். என்ஜினை நேராக நிறுத்தி, எண்ணெய் கீழே இறங்கச் சில நிமிடம் விட்டு டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். தூக்கி வைத்த நிலையில் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். குறைந்திருந்தால் கையேட்டில் உள்ள தர எண்ணெயை ஊற்றலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிகிறதென்றால் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. பணிமனையில் அழுத்த ஸ்விட்சைக் கழற்றி, அந்த இடத்தில் அழுத்தமானியைப் பொருத்தினால் பழுது பம்பிலா ஸ்விட்சிலா என்பது தெரிந்துவிடும். எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி நின்று பெட்ரோல் வாடை அடித்தால், மணிக்கணக்கில் மெதுவாகத் தூண்டில் இழுத்து ஓட்டியதில் பெட்ரோல் கலந்து எண்ணெய் நீர்த்திருக்கிறது, மாற்றிவிடுங்கள். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

வெப்ப விளக்கில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். முதலில் என்ஜினின் பக்கத்துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறதா பாருங்கள். இல்லையென்றால் அணைத்து, என்ஜினைத் தூக்கி, கீழ்ப்பகுதியில் தண்ணீர் உறிஞ்சும் சல்லடையைப் பாருங்கள். மழைக்குப் பிறகு ஜோகூர் நீரிணையில் பிளாஸ்டிக் பையும் இலைதழையும் மிதக்கும். ஒரு பை சல்லடையில் ஒட்டிக்கொண்டால் போதும். சல்லடை சுத்தமாக இருந்தால் தடித்த தூண்டில் நரம்பைப் பக்கத்துளைக்குள் விட்டுப் பாருங்கள், மணலும் உப்பும் அடைத்திருக்கலாம். ஆனால் இந்தப் பக்கத்துளை மட்டும் அடைந்திருந்தால் என்ஜின் சூடாகாது. தண்ணீரும் வராமல் அலாரமும் கத்தினால் தண்ணீர்ப் பம்புக்குள் சுழலும் ரப்பர் இதழ்ச் சக்கரமான இம்பெல்லரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

தண்ணீர் நன்றாகப் பீய்ச்சுகிறது, அலாரமும் ஓயவில்லை என்றால்? “தண்ணீர் வருகிறதே, சென்சார்தான் கெட்டுவிட்டது” என்று முடிவு கட்டுவதுதான் பெரிய தவறு. பல என்ஜின்களில் இந்தத் தண்ணீர், சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டுக்கு முன்பே பிரிந்து வெளியே வருகிறது. அது பம்ப் வேலை செய்வதைக் காட்டுமே தவிர, என்ஜின் முழுக்கத் தண்ணீர் சுற்றுவதைக் காட்டாது. உப்புப் படிந்து தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொள்வது சகஜம். அதைக் கழற்றி, வெப்பமானியோடு ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். மாடலைப் பொறுத்து 50 முதல் 70 டிகிரி செல்சியசுக்குள் அது திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காவிட்டால், கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டோடு சேர்த்து மாற்றுங்கள்.

மெதுவாக ஓடும்போது சூடேறி, வேகமெடுத்ததும் தணிந்தால் பெரும்பாலும் இம்பெல்லர் தேய்ந்திருக்கும். வேகத்தில் மட்டும் கத்தினால், என்ஜினை அளவுக்கு மீறி மேலே சாய்த்து ட்ரிம் செய்ததில் சல்லடை காற்றை உறிஞ்சுகிறதா என்று பாருங்கள்.

இம்பெல்லரை மாற்றும்போது பழையதன் இதழ்களை ஒன்றுவிடாமல் எண்ணுங்கள். உடைந்த துண்டு ஒன்று காணவில்லை என்றால் அது மேலே ஏறிக் குழாய் வழியில் எங்கோ உட்கார்ந்திருக்கிறது. புதிய இம்பெல்லர் போட்டாலும் அலாரம் திரும்ப வரும். பம்ப் கிண்ணத்திலும் அடித்தகட்டிலும் விரல் நகம் சிக்கும் அளவுக்குக் கீறல் இருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். புதியதைச் சோப்புத் தண்ணீர் தடவி, தண்டைச் சுழலும் திசையிலேயே திருப்பியபடி இறக்குங்கள், இதழ்கள் சரியான பக்கம் மடங்கும். தண்ணீரில்லாமல் ஒரு நொடிகூட ஓட்டிப் பார்க்காதீர்கள்.

குளிர்ந்த என்ஜினில் சாவியைத் திருப்பியதுமே வெப்ப அலாரம் கத்தினால் பழுது மின்சாரத்தில். சாதாரண வெப்ப ஸ்விட்ச் உள்ள மாடல்களில் அதன் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் ஸ்விட்ச் கெட்டது. நிற்காவிட்டால் வயர் எங்கோ உரசி எர்த் ஆகிறது. சோதித்ததும் மீண்டும் மாட்டிவிடுங்கள். பெட்ரோலில் தண்ணீர் கலந்தாலும் சில மாடல்கள் எச்சரிக்கும். அதற்கு ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றி வடிக்க வேண்டும்.

“உடனே அணையுங்கள்” என்பதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. கப்பல் போகும் தடத்தில் இருக்கிறீர்கள், பெரிய கப்பல் வருகிறது என்றால் அலாரம் கத்தினாலும் மெதுவாக ஓட்டித் தடத்தைவிட்டு வெளியேறுங்கள். என்ஜின் போனால் போகட்டும். ஒதுங்கிய பிறகு அணைத்து, நங்கூரம் போட்டு உதவி கேளுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் விஎச்எஃப் வானொலிக் கருவியின் 16ஆம் அலைவரிசையில் அழையுங்கள்.

படகை வாடகைக்கு விடுவோருக்கு ஒரு வேண்டுகோள். அந்தந்த என்ஜினுக்கான அலாரப் பக்கத்தைக் கையேட்டிலிருந்து நகலெடுத்து, பிளாஸ்டிக் உறையிட்டு, ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே ஒட்டுங்கள். சாவியைத் திருப்பியதும் ஒருமுறை ‘பீப்’ ஒலிக்க வேண்டிய மாடல்களில் அது ஒலிக்கிறதா என்று, படகைக் கையில் கொடுக்கும்போதே வாடிக்கையாளர் முன்னிலையில் சோதித்துக் காட்டுங்கள். ஒலிக்காத படகை அன்று வெளியே அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
வாசகர், பொங்கோல்