ஓநாயின் நாக்கு

அன்புள்ள மகளுக்கு,

ஸ்பெயினின் வலென்சியா அருங்காட்சியகத்தில் நீ எடுத்து அனுப்பிய பானைப் படங்களை நான்கு நாட்களாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரோமானியர் வருமுன் ஸ்பெயினின் கிழக்குக் கரையோரம் வாழ்ந்த பழைய ஐபீரியர்கள் பானைகளில் தீட்டிய விலங்குகள் யாவும் தெய்வங்களே என்று உன் கட்டுரையைத் தொடங்கப்போவதாக எழுதியிருந்தாய். அவ்வளவு அவசரம் வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

வலென்சியாவுக்கு அருகிலுள்ள லீரியா நகரத்துப் பானைகளில் வேட்டை ஒரு நிகழ்ச்சியாக நடக்கிறது. குதிரைமேல் அமர்ந்து ஈட்டி ஓங்குகிறான் ஒருவன். முன்னால் மான் ஓடுகிறது. இடையில் கிடைத்த வெற்றிடத்தையெல்லாம் இலையும் சுருளுமாகச் செங்கபில வண்ணத்தில் நிரப்பியிருக்கிறார்கள். அந்த மான் எதற்கும் குறியீடாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. குதிரையும் ஆயுதமும் உடையவர்கள் தங்கள் பெருமையைத் தாங்களே பார்த்து மகிழ வரையச் சொன்ன காட்சியாகவும் இருக்கலாம்.

எல்ச்சே நகரத்து லா அல்குதியா அகழாய்வுத் தளத்தில் கிடைத்த பானைகளோ முற்றிலும் வேறு. அங்கே ஓநாய் ஓடுவதில்லை. வாயை அகலத் திறந்து, பற்களைக் காட்டி, நாக்கை நீட்டிப் பானையின் வயிற்றையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் சிறகு விரித்த பறவைகள். ஒரு பானையில் மட்டும், மீசை முளைக்காத இளைஞன் ஒருவன் தன்னைவிடப் பெரிய ஓநாயின் எதிரே நின்று அதன் நாக்கைக் கையால் பிடித்திருக்கிறான். சிறுவன் ஆண்மகனாகும் சடங்கின் சோதனை இது என்று ஆய்வாளர் சிலர் கொள்கிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. ஏனெனில் உணவுக்காக வேட்டையாடுபவன் எந்த விலங்கின் நாக்கையும் பிடிக்கமாட்டான். உன் வாதத்துக்கு இடமுண்டென்றால் அது இந்த ஓநாயிடம்தான், லீரியாவின் மானிடமன்று.

லீரியாப் பானைகளில் உருவங்களை ஒட்டி எழுத்துகளும் தீட்டியிருக்கிறார்கள். ஸ்பானிய அறிஞர் கோமெஸ் மொரேனோ 1920களில் அந்த எழுத்தின் ஒலிகளைக் கண்டறிந்ததால் இன்று அதை வாய்விட்டு வாசிக்க முடிகிறது. மொழியின் பொருள்தான் இன்னும் பிடிபடவில்லை. ஆகவே, பானையே தன்னைப் பற்றிச் சொல்லும் சொல்லை அறியாமல், எந்த விலங்கையும் 'மரண தெய்வம்' என்று உறுதியாக எழுதிவிடாதே. உன் வாக்கியத்தில் ஒரு 'இருக்கலாம்' சேர்ப்பதால் குறைவொன்றும் வந்துவிடாது.

அடுத்த மாதம் எல்ச்சேக்குப் போவதாகச் சொன்னாயே, அந்தப் பானையைக் காட்டினால் சற்று நெருங்கிப் பார். நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுத்தவனுக்கு ஒரே ஒரு சந்தேகம்: தூரிகை முதலில் தீட்டியது நாக்கையா, அதைப் பிடித்த கையையா? கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் அது தெரியும். பார்த்து எழுது.

அன்புடன்,
அப்பா