மாட்டுக் கழிவுத் தாங்கி கசிந்து கிணறு கெட்டது தொடர்பான புகார்

அனுப்புநர்: பால் பண்ணையாளர், நிலாவெளி, திருகோணமலை.
பெறுநர்: முகாமையாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

விடயம்: நீங்கள் அமைத்துத் தந்த கழிவுத் தாங்கியை அகற்றிவிட்டுச் சரியான முறையில் மீண்டும் கட்டித் தருதல்

மதிப்புக்குரிய ஐயா,

போன ஓகஸ்ட் மாதம் உங்கள் நிறுவனம் எங்கள் பட்டியில் அமைத்துத் தந்த கழிவுத் தாங்கி முதல் மாரிக்கே தாக்குப்பிடிக்கவில்லை. நவம்பரில் நிரம்பி வழிந்தது. அடியிலும் கசிகிறது. எங்கள் கிணறும் பக்கத்து வீட்டுக் கிணறும் கெட்டுப்போய்விட்டன. தொலைபேசியில் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. "மழை கூடிப்போச்சு, நாங்கள் என்ன செய்யிறது?" என்பதுதான் உங்கள் ஆட்களின் பதில். இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை.

திருகோணமலையில் மழை எப்போது பெய்யும் என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வருஷத்து மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் ஜனவரிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். இந்த ஊரில் கழிவுத் தாங்கி கட்டுகிற எவரும் முதலில் கணக்கெடுக்க வேண்டியது அந்த மழையைத்தான். நீங்கள் தந்த மதிப்பீட்டுத் தாளை இப்போது திரும்ப எடுத்துப் பார்த்தேன். அதில் மழை என்ற சொல்லே இல்லை. 12 மாடு, ஒரு மாட்டுக்கு நாளுக்குச் சாணமும் மூத்திரமுமாக 30 லீற்றர், ஆக 360 லீற்றர்; 30,000 லீற்றர் தாங்கி இரண்டு மாதத்துக்கும் மேலே தாங்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். கொட்டில் கழுவுகிற தண்ணீர் எங்கே? காலையும் மாலையும் பால் கறந்த பிறகு கழுவினால் நாளுக்குக் குறைந்தது 500 லீற்றர் போகும். அதையும் சேர்த்தால், மழையே இல்லாத காலத்திலும் 35 நாளில் தாங்கி நிரம்பிவிடும்.

அப்புறம் மழை. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் தண்ணீர். எங்கள் கொட்டில் கூரையும் சீமெந்து முற்றமும் சேர்ந்து ஏறத்தாழ 200 சதுர மீற்றர். உங்கள் ஆட்கள் இரண்டின் தண்ணீரையும் ஒரே வாய்க்காலில் சேர்த்துத் தாங்கிக்குள் விட்டிருக்கிறார்கள். 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 20,000 லீற்றர், அதாவது தாங்கியின் மூன்றில் இரண்டு பங்கு. மாரியில் அப்படி ஒரு மழை இங்கே அதிசயமில்லை. கூரைக்குப் பீலி அடித்து நல்ல தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டிருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். பீலிக்கு ஆகும் செலவு முழு வேலையோடு பார்த்தால் ஒன்றுமேயில்லை.

நிரம்பி வழிந்தது கண்ணுக்குத் தெரிந்தது. கசிவு தெரியவில்லை, அதுதான் கூடப் பயமாக இருக்கிறது. நிலாவெளி மண் மணல். கடற்கரைப் பக்கத்தில் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிற நல்ல தண்ணீரைத்தான் நாங்கள் கிணறு வெட்டிக் குடிக்கிறோம். மணலில் ஊற்றியதெல்லாம் வடிகட்டப்படாமல் நேரே கீழே போய்ச் சேரும். ஓகஸ்டில் நீங்கள் குழி தோண்டியபோது கிணற்றுத் தண்ணீர் ஆழத்தில் கிடந்தது, குழியும் காய்ந்திருந்தது. மாரி பிடித்தால் அதே கிணற்றில் குனிந்து வாளியால் அள்ளலாம். தாங்கியின் அடி இப்போது நிலத்தடி நீருக்குள் இருக்கிறது. கீழிருந்து ஏறிய தண்ணீர், தாங்கிக் குழிக்குள் நீங்கள் விரித்த கறுப்புப் பொலித்தீன் விரிப்பை மேலே தூக்கிவிட்டது.

டிசம்பரில் பவுசர் பிடித்துத் தாங்கியைக் காலியாக்கினேன். இரண்டு விரிப்பு சேருகிற இடத்தைச் சூடாக்கி ஒட்டவில்லை, பசைதான் பூசியிருக்கிறது. நாலு விரல் போகிற அளவுக்கு வாய் பிளந்து கிடந்தது. கையை விட்டுப் பார்த்தேன். விரிப்புக்கு அடியில் மணல் கறுத்து, சாண நாற்றம் அடித்தது. விரிப்புக்குக் கீழே பாதுகாப்புத் துணி எதுவும் இல்லை. சிப்பி ஓடு கலந்த மணலில் அப்படியே விரித்திருக்கிறீர்கள். படம் இணைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டில் ஐந்து மாதக் குழந்தை இருக்கிறது. மா பால் கரைப்பது அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான். பொதுச் சுகாதார பரிசோதகர் இரண்டு கிணற்றிலும் தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். இரண்டிலும் ஈ.கோலி, அதாவது மலத்திலிருந்து வருகிற கிருமி, இருக்கிறது என்று அறிக்கை வந்தது. குடிநீர் 100 மில்லிலீற்றரில் அது ஒன்றுகூட இருக்கக்கூடாது. இதைச் சொன்னபோது உங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் "கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லுங்கோ" என்றார். கிருமி கொதியில் சாகும், சரி. நைத்திரேற்று? சாணமும் மூத்திரமும் மண்ணில் இறங்கினால் கிணற்றில் ஏறுவது அதுவும்தான். அது கொதியில் போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். இலங்கைக் குடிநீர்த் தரப்படி லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. மேலே போனால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சரியாகக் காவாமல் உடம்பு நீலம் பாரிக்கும். கழிவுத் தாங்கி விற்கிற நிறுவனத்தின் உத்தியோகத்தருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தாயிடம் போய் இப்படி ஒரு யோசனையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது அந்த வீட்டுக்குக் குடிக்கச் சமைக்க வெளியிலிருந்து தண்ணீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. வழிந்த கழிவு தெருவோர வாய்க்காலில் இறங்கியிருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008இல் வந்த ஒழுங்குவிதிகளின்படி, உள்நாட்டு நீர்நிலைக்குள் விடுகிற கழிவுநீரின் உயிர்வேதி ஒட்சிசன் தேவை (அழுக்கு மக்கும்போது தண்ணீரிலிருந்து இழுக்கிற ஒட்சிசனின் அளவு) லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. சாணக் கரைசலில் அது ஆயிரக் கணக்கில் இருக்கும். அப்படியான தண்ணீர் களப்பில் சேர்ந்தால் மீனும் இறாலும் மூச்சு முட்டிச் சாகும். வழக்கு வந்தால் நிற்கப்போவது நான்தான். அந்த நிலை வராமல் இருக்கத்தான் வங்கிக் கடன் எடுத்து உங்களிடம் வந்தேன்.

சாணத்தை நான் வீசவேண்டிய பொருளாக நினைக்கவில்லை. காய்ந்த நாளில் அளவாகப் பாய்ச்சினால் மாட்டுக்கு நான் வளர்க்கிற கோ-3 தீவனப் புல்லுக்கு அதைவிட நல்ல பசளை கிடையாது. அதற்கு மாரி முடியும்வரை பிடித்துவைக்க இடம் வேண்டும். உங்களிடம் காசு கொடுத்து வாங்கியது அந்த இடத்தைத்தான்.

ஆகவே கேட்கிறேன். இந்தக் குழித் தாங்கியை எடுத்துவிடுங்கள். மாரிக் காலத்து நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே அடி நிற்கும்படி, கிணறுகளிலிருந்து தள்ளி, மூடியுடன் கொங்கிறீட்டில் கட்டித் தாருங்கள். கழுவு தண்ணீரையும் முற்றத்து மழையையும் சேர்த்துக் கொள்ளளவை எழுத்தில் கணக்குக் காட்டுங்கள். கூரைக்குப் பீலி போடுங்கள். வேலை முடியும்வரை பவுசர் செலவும், இரண்டு வீட்டுக்குமான குடிநீர்ச் செலவும், இரண்டு கிணறும் இறைத்துச் சுத்தமாக்கி மறுபடி பரிசோதிக்கிற செலவும் உங்களுடையவை. உத்தரவாதப் பத்திரத்தில் இரண்டு வருஷம் என்று நீங்களே ஒப்பமிட்டிருக்கிறீர்கள்.

கடிதம் கிடைத்து 14 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். தொலைபேசிப் பதில் இனி வேண்டாம். பதில் வராவிட்டால் இதே கடிதமும் படங்களும் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் போகும்.

இப்படிக்கு,
(ஒப்பம்)
பால் பண்ணையாளர், நிலாவெளி

இணைப்பு: மதிப்பீட்டுத் தாள், பற்றுச்சீட்டு, உத்தரவாதப் பத்திரம், தாங்கியின் படங்கள், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை (பிரதிகள்)