மழைக்கு முன் பில்லிங் கணினியையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பருவமழை நெருங்குகிறது. கால்வாய் தூர்வாருவது பற்றியும் கிளைகளை வெட்டுவது பற்றியும் எழுதுகிறீர்கள். கடலூர், புதுச்சேரிக் கடைகளில் ஓடும் பில்லிங் கணினிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

'என்ட்ரி போட்டால் சுற்றிக்கொண்டே நிற்கிறது' என்று கடைக்காரர் புகார் சொன்னதும், சாஃப்ட்வேர் பார்ப்பவர்களில் சிலர் டேட்டாபேஸின் (பில், ஸ்டாக் எல்லாம் சேமித்து வைக்கும் இடம்) பாதுகாப்பு அமைப்பையே அணைத்துவிட்டுப் போகிறார்கள். பதிவு உண்மையிலேயே டிஸ்கில் இறங்கியதா என்று உறுதிசெய்யும் அமைப்பு அது. கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் இது பெரிய தவறு.

தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 120 முறைதான் சுற்றுகிறது. ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாக இறக்கி உறுதிசெய்தால் நொடிக்கு நூறு சொச்சத்தைத் தாண்டாது. மருந்துக்கடையில் 500 வரி கொள்முதல் பட்டியலை ஏற்றும்போது, வரிக்கு ஒரு கமிட் (பதிவை டிஸ்கில் இறக்கி உறுதிசெய்வது), அதன் ஸ்டாக்குக்கு ஒரு கமிட் என்று போனால் ஆயிரம் காத்திருப்பு. எட்டு நொடிக்கு மேல். எல்லாவற்றையும் ஒரே டிரான்ஸாக்ஷனில் (முழுதாக ஏறும், இல்லையேல் ஏறவே ஏறாத ஒரே கட்டு) கட்டினால் கடைசியில் ஒருமுறை காத்திருந்தால் போதும். நடுவில் கரண்ட் போனாலும் பட்டியல் பாதி ஏறி, ஸ்டாக் பாதி ஏறாமல் நிற்காது. சாஃப்ட்வேர்காரரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

அப்படியும் போதவில்லையா? உங்கள் டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் என்றால், அதில் 'இன்னோடிபி ஃபிளஷ் லாக் அட் டிஆர்எக்ஸ் கமிட்' என்ற அமைப்பு 1-இல் இருப்பதுதான் முழுப் பாதுகாப்பு. அதை 2 ஆக்கினால் கரண்ட் போகும்போது கடைசி ஒரு நொடி பில்கள் போகலாம், ஃபைல் கெடாது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் 'சின்க்ரோனஸ் கமிட்' அமைப்பை அணைப்பதும் அதே வகை இழப்புதான். ஆனால் அதில் எஃப்சின்க்கை (எழுதியதை டிஸ்கில் இறக்கச் சொல்லும் அமைப்பு) அணைத்தால் டேட்டாபேஸே சிதையலாம். எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸில் 'சின்க்ரோனஸ்' அமைப்பை ஆஃப் செய்வதும் அப்படியே. இந்த இரண்டையும் யார் சொன்னாலும் செய்யவிடாதீர்கள்.

சிதைவு எப்படி வருகிறது? மைஎஸ்க்யூஎல் வழக்கமாக 16 கிலோபைட் பக்கங்களாக எழுதும். டிஸ்க் அதை 4 கிலோபைட் துண்டுகளாக வாங்கும். இரண்டு துண்டு இறங்கியதும் கரண்ட் போனால், பக்கத்தின் மேல்பாதியில் புது ஸ்டாக், கீழ்ப்பாதியில் பழைய ஸ்டாக். செக்சம் (பக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) பொருந்தாது, டேபிள் திறக்க மறுக்கும். இதைத் தடுக்கத்தான் டபுள்ரைட் என்று ஒவ்வொரு பக்கத்தையும் இருமுறை எழுதுகிறது. வேகத்துக்காக அதையும் நிறுத்தச் சொல்வார்கள், விடாதீர்கள்.

மலிவான எஸ்எஸ்டிகளில் (சுற்றாத, சிப் வகை டிஸ்க்) சில, எழுதி முடிக்காமலே முடித்ததாகச் சொல்லும். கரண்ட் போனாலும் மிச்சத்தை எழுதி முடிக்கக் கெப்பாசிட்டர் வைத்த எஸ்எஸ்டியை சர்வருக்கு வாங்குங்கள். யுபிஎஸ்ஸை யுஎஸ்பி வயரால் கணினியோடு இணைத்தால்தான் பேட்டரி தீருமுன் தானாக ஷட்டவுன் ஆகும். கடை மூடும் நேரத்தில் யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கி, அது நடக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல், 2024 நவம்பர் 30-இல் 'ஃபெஞ்சல்' புயல் இரண்டும் இந்தக் கரையில்தான் ஏறின. அதனால் காப்பியும் வேண்டும். ஓடும் டேட்டாபேஸ் ஃபைலை அப்படியே பென்டிரைவில் காப்பி எடுத்தால் பாதி பழசு, பாதி புதுசாக வரும். டம்ப் (டேட்டாபேஸே எடுத்துத் தரும் முழு நகல்) எடுத்து வேறு கணினியில் ஏற்றி, நேற்றைய கடைசி பில் எண் அதில் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

இப்படிக்கு,
வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்