கல்யாணச் சாவு என்று சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனிதன் சாவை வெல்ல முடியுமா என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையையும் அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். கட்டுரையைவிடக் கடிதங்கள்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தன. பிறந்தவர் இறப்பது நியதி, அதை மாற்ற நினைப்பது ஆணவம் என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். நான் கோத்தகிரி, குன்னூர் பகுதிகளிலும் கடைசிச் சில ஆண்டுகள் பந்தலூரிலும் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் போனபோதெல்லாம் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். "போகிற உயிரை உன் ஊசியா பிடித்து நிறுத்தப் போகிறது?" என்பார்கள்.

வேலையில் சேர்ந்த நான்காம் ஆண்டு, ஒரு லைன் வீட்டில் எட்டு வயதுப் பையனைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாய்க்குட்டி அவன் காலைக் கடித்திருக்கிறது. சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் வைத்துக் கட்டிவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்தைத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசியாகப் போடுவார்கள். அந்த வலிக்குப் பயந்தே பலர் கடியை மறைத்தார்கள். நான் போனபோது பையனுக்குத் தாகம். தண்ணீர் கேட்கிறான். டம்ளரைக் கண்டதும் தொண்டை இறுகி அலறுகிறான். கதவைத் திறந்து காற்றுப் பட்டாலும் உடம்பு வெட்டி இழுக்கிறது. வெறிநாய்க்கடி நோய். மூன்றாம் நாள் போய்விட்டான். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "சொல்லியிருந்தால் பிழைத்திருப்பானா?" ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் குன்னூர் சிம்ஸ் பூங்காவை ஒட்டிப் பாஸ்டியர் நிறுவனம் நிற்கிறது. 1885 ஜூலையில் பாரிஸில் லூயி பாஸ்டியர் முதன்முதலாக இந்த நோய்க்கான தடுப்பு மருந்தைப் போட்டது ஜோசஃப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு. அவன் பிழைத்தான். 1902-இல் ஓர் இளம் ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடி நோயால் இறந்தபோது தென்னிந்தியாவில் எங்கும் அதற்குச் சிகிச்சை இல்லை. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த பணத்தின் உதவியோடு 1907-இல் குன்னூரில் நிறுவனம் தொடங்கியது. அறிகுறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய எல்லோரையும் கொன்றுவிடும் நோய் இது. கடிபட்ட உடனே சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவி, தாமதிக்காமல் ஊசி போட்டுக்கொண்டால் ஏறக்குறைய எல்லோரும் பிழைக்கிறார்கள். இதுவும் ஒரு காலத்தில் நியதி என்றுதான் சொல்லப்பட்டது.

என் இடது கையில் பெரியம்மை குத்திய தழும்பு இருக்கிறது. என் பிள்ளைகள் கையில் இல்லை, தேவைப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடிப் பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்படும் அந்த நோய் உலகத்திலேயே இல்லை என்று 1980-இல் அறிவித்தார்கள்.

குழந்தைகள் சரி, வயதானவர்கள் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். என் அப்பா எண்பத்தொரு வயதில் இறந்தார். மேளம் வைத்து, பூவும் பொரியும் இறைத்துக்கொண்டு போனார்கள். கல்யாணச் சாவு, கொடுத்து வைத்தவர் என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். காரியம் முடிந்து தோட்டத்துக்குப் போனால், நடுவதற்கு எடுத்து வைத்த உருளைக்கிழங்கு விதை சாக்கில் முளை விட்டுக் கிடக்கிறது. அடுத்த போகத்துக்குக் கேரட் போடலாமா என்று முந்தின வாரம்தான் என்னிடம் கேட்டார். அவருக்கு எது நிறைந்துவிட்டது? எட்டு வயதில் அநியாயம் என்று அழுத சாவை எண்பதில் மங்கலம் என்று எப்படிச் சொல்வது? நமக்கு வேறு வழி தெரியாததால் அப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டோம். அதை நான் இப்போது சொல்வதில்லை.

ஆகவே முதுமையையே ஆராய்கிறவர்களை ஆணவக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. நடுவயதுக்குப் பிறகு ஏறக்குறைய எட்டு ஆண்டுக்கு ஒருமுறை நம் சாவின் வாய்ப்பு இரட்டிப்பாகிறது. இப்படிப் பெருகிப் போகும் என்பதை பெஞ்சமின் கோம்பர்ட்ஸ் 1825-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். இதயத்தை மட்டும் சரிசெய்தாலும் புற்றுநோயை மட்டும் ஒழித்தாலும் சில ஆண்டுகள்தான் கூடும், அடியில் இருக்கும் முதுமை அடுத்த கதவைத் தட்டும். 1993-இல் ஒரு சிறிய உருளைப்புழுவில் ஒரே ஒரு மரபணுவை மாற்றியதும் அதன் ஆயுள் இரண்டு மடங்கானது. 2006-இல் ஜப்பானின் யமனாகா, முதிர்ந்த எலிச் செல்லை நான்கே மரபணுக்களால் கருவின் செல் போன்ற நிலைக்குத் திருப்பினார். புழுவுக்கு நடந்தது மனிதனுக்கும் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. 122 வயது வரை வாழ்ந்த ஷான் கல்மான் என்ற பிரெஞ்சுப் பெண் 1997-இல் இறந்தார், அந்த வயதை அதன்பின் எவரும் தொடவில்லை. ஆனால் தேடாதே என்று தடுக்க யாருக்கும் உரிமை கிடையாது.

எல்லோரும் இருந்துவிட்டால் பூமி தாங்குமா என்று ஒருவர் கேட்டிருந்தார். என் ஆரம்பகாலப் பதிவேட்டில் ஏழு பெற்று மூன்றைப் புதைத்த தாய்மார் உண்டு. குழந்தைகள் பிழைக்கத் தொடங்கியதும் அவர்களுடைய மகள்கள் இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். இன்று தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தைகூட இல்லை.

கட்டுரையாளரிடம் எனக்கு ஒரு குறை உண்டு. வெல்லும் மருந்து வந்தால் அது யார் கைக்கு வரும் என்பதைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துவிடும் பரம்பரை நோயான சிக்கிள் செல் ரத்தசோகைக்கான அடையாளம் இந்தியாவில் 1952-இல் முதலில் கண்டறியப்பட்டது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். 2023 நவம்பரில் அந்த நோய்க்கு மரபணுவைத் திருத்தும் சிகிச்சையைப் பிரிட்டன் அனுமதித்தது, அடுத்த மாதம் அமெரிக்காவும் அனுமதித்தது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். பந்தலூரில் நான் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போன ஒரு பழங்குடிப் பெண் குழந்தைக்கு இப்போது பத்தொன்பது வயது. குளிர் கூடினால் எலும்புக்குள் ஆணி இறங்குவதுபோல வலிக்கும் என்று சொல்வாள். ஹைட்ராக்சியூரியா மாத்திரையில் ஓரளவு சமாளிக்கிறாள். அந்தச் சிகிச்சை அவளுக்குக் கிடைக்க என்ன வழி, அரசு என்ன செய்ய வேண்டும், எத்தனை ஆண்டு ஆகும் என்று அடுத்த கட்டுரையில் எழுதும்படி அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதழ் வந்ததும் நானே எடுத்துக்கொண்டு போய் அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
கோத்தகிரி.