கடலில் சரி, சந்தில் பிசகு

ராயபுரம், சென்னை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அடுத்த மாதம் வரும்போது இரண்டு நாள் எங்களோடு தங்கப் போகிறாய் என்றதும் வீட்டில் என்ன மீன் வாங்குவது என்ற பேச்சு தொடங்கிவிட்டது. ஆனால், செல்பேசியில் ஜிபிஎஸ்ஸைப் போட்டு வைத்தால் மேலே இருக்கும் செயற்கைக்கோள் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்குமென்று அஞ்சி, அதை அணைத்தே வைத்திருப்பதாக நீ எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். இளமையில் எத்தனை வால்வு ரேடியோக்களைப் பழுது பார்த்தவன் நீ! உன் வீட்டு ரேடியோ பாடுவது வானொலி நிலையத்துக்குத் தெரியுமா? இதுவும் அப்படித்தான். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்தச் செயற்கைக்கோள்கள் "நான் இன்னார், இங்கே இருக்கிறேன், மணி இவ்வளவு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே போகின்றன. கைப்பேசி கேட்பதோடு சரி. அந்தச் சொல் நம்மை வந்தடைய ஒரு நொடியில் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. அந்தத் தாமதத்தை வைத்துத்தான் தொலைவைக் கணக்கிடுகிறார்கள் என்பதால், கடிகாரம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் 300 மீட்டர் தவறிப் போகும். கோளில் அணுக் கடிகாரம் இருக்கிறது, நம் கைப்பேசியில் இருப்பதோ மலிவான குவார்ட்ஸ் கடிகாரம். நம் இடத்தோடு அதன் பிழையையும் சேர்த்துக் கண்டுபிடிக்கவே மூன்று கோள்கள் போதாமல் நான்காவதும் தேவைப்படுகிறது.

நீ அஞ்ச வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. கணக்கிட்டுக் கண்ட இடத்தை, நாம் அனுமதி கொடுத்து வைத்திருக்கும் செயலிகள் இணையத்தின் வழியே தங்கள் முதலாளிக்குச் சொல்லிவிடுகின்றன. செட்டிங்ஸுக்குள் போய் எந்தச் செயலிக்கு இருப்பிட அனுமதி இருக்கிறதென்று ஒருமுறை பார். டார்ச் விளக்குச் செயலிக்கு அது எதற்கு?

இங்கே எங்கள் எதிர்வீட்டுத் தம்பி காசிமேட்டிலிருந்து விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். அவன் அப்பா காலத்தில் கரையில் தெரியும் கோபுரத்தையும் புகைபோக்கியையும் ஒரே நேராக வைத்து வலை போட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்வார்களாம். இவனோ ஜிபிஎஸ் கருவியில் பாயிண்ட் போட்டு வைக்கிறான். கருவி ஒருநாள் மக்கர் செய்தபோது, டவரே எட்டாத ஆழ்கடலில் கைப்பேசியை எடுத்துப் பார்த்தானாம். வரைபடம் வெறும் நீலமாகக் கிடந்தது, ஆனால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பிசகில்லாமல் வந்தன. அதே கைப்பேசி எங்கள் சந்துக்குள் வந்தால், டவர் முழுதாக இருந்தும், நம்மைப் பக்கத்துத் தெருவில் நிறுத்திவிடுகிறது. போன வாரம் வாடகை வண்டி ஓட்டுநர் ஒருவர் வரைபடத்தில் நம் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளியை நம்பி முட்டுச்சந்தில் போய் நின்றார். அவரைத் திருப்பி எடுக்க நாங்கள் நான்கு பேர் வழிகாட்ட வேண்டியிருந்தது. இருபுறமும் மாடிகள் நெருக்கிய சந்தில் வானம் ஒரு கீற்றுதான் தெரியும். பல கோள்கள் மறைந்துவிடும், மிஞ்சியவற்றின் அலையும் சுவரில் பட்டுத் தெறித்துச் சுற்றி வருவதால் தொலைவு கூடிக் காட்டும். கடலில் மறைக்க என்ன இருக்கிறது? டவரும் டேட்டாவும் செய்வதெல்லாம், கோள்களின் இருப்பிட விவரத்தை உடனே தந்து தொடக்கக் காத்திருப்பைக் குறைப்பதும் வரைபடத்தைக் கொண்டுவருவதுமே.

2000 மே மாதம் வரை, ஜிபிஎஸ்ஸை நடத்தும் அமெரிக்கர்கள் பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தார்கள் என்பது உனக்கு நினைவிருக்கலாம். ஜிபிஎஸ் போலவே நம் நாடு அமைத்த நாவிக்கின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று, நமக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் போனது. இப்போது சில கைப்பேசிகள் அதையும் கேட்கின்றன.

ஆகவே, புறப்படும் முன் வீட்டு வைஃபையிலேயே வடசென்னை வரைபடத்தை இறக்கிக்கொள். கல்மண்டபம் நிறுத்தத்தில் இறங்கி, வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் அரை நிமிடம் நின்று, நீலப் புள்ளியைச் சுற்றி, பிசகு எவ்வளவு இருக்கலாம் என்று காட்டும் வட்டம் சுருங்கிய பிறகு உன் இருப்பிடத்தை எனக்கு அனுப்பு. அங்கிருந்து சந்துக்குள் அதை நம்பி நீயாக நடக்காதே. நானே வந்து அழைத்துப் போகிறேன்.

உன் அன்பு நண்பன்